நாட்கணக்கில் நீளும் ஈ.ஈ.ஜி. பதிவில் மின்வாய்களை ஏன் அளந்து ஒட்டுகிறோம்?

அக்கரைப்பற்றைச் சேர்ந்த ஒரு தாய் தம் 17 வயது மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார். மகள் பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென நின்று, ஓரிடத்தையே வெறித்துப் பார்த்து, எதையோ மெல்லுவதுபோல் வாயை அசைத்து, வலது கையால் உடுப்பைப் பிசைந்துகொண்டிருப்பாராம். ஒன்றிரண்டு நிமிடங்களில் தெளிந்துவிட்டாலும் நடந்தது எதுவும் அவருக்கு நினைவிருப்பதில்லை. மூளையின் மின் அலைகளைக் கோடுகளாகக் காட்டும் ஈ.ஈ.ஜி. பதிவை இரண்டு முறை எடுத்தும் குறையேதும் தெரியவில்லை, மாத்திரைகளை மாற்றிப் பார்த்தும் கட்டுப்படவில்லை என்பதால், கொழும்பில் ஐந்து நாட்கள் தங்கவைத்து வீடியோவுடன் ஈ.ஈ.ஜி. எடுக்க வேண்டும் என நரம்பியல் வைத்தியர் கூறியுள்ளார். முடியை மழிப்பார்களா, தொப்பிபோல் மாட்டிவிடும் கருவி இருக்கும்போது ஏன் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அளந்து அளந்து ஒட்ட வேண்டும், உறவுக்காரப் பிள்ளை ஒன்றுக்கு இதே பரிசோதனையில் நெற்றியில் புண் வந்தது ஏன், முக்காடு அணியலாமா என்பன அவருடைய கேள்விகள். மட்டக்களப்பில் ஈ.ஈ.ஜி. பதிவாளராக வேலை செய்பவன் என்ற முறையில், என்னால் இயன்றவரை விரிவாகப் பதில் தருகிறேன்.

முதலில், இரண்டு பதிவுகளும் சாதாரணமாக வந்ததை வைத்து மகளுக்கு வலிப்பு இல்லை என்றோ, எடுத்தவர்கள் பிழை விட்டார்கள் என்றோ நினைக்க வேண்டாம். வழமையான பதிவு 20 முதல் 30 நிமிடங்களே எடுக்கப்படுகிறது. வலிப்பு நோய் உறுதியாக உள்ளவர்களிலேயே ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு முதற் பதிவில் எதுவும் அகப்படுவதில்லை. மூளையின் மேற்பரப்பில் சுமார் 6 முதல் 10 சதுர சென்டிமீட்டர் பரப்பாவது ஒரே நேரத்தில் மின்னூட்டத்தை வெளிவிட்டால்தான் அது மண்டையோட்டையும் தோலையும் தாண்டி வெளியே தெரியும். அவ்வாறு வந்து சேருவதும் ஒரு வோல்ட்டின் பத்து இலட்சத்தில் சில பத்துப் பங்குகள் அளவே இருக்கும். இதயத்தின் மின் அலை அதைவிடப் பல மடங்கு பெரிது. இவ்வளவு மெலிந்த சைகையை நாட்கணக்கில் பிடித்துவைக்க வேண்டியிருப்பதால்தான், அதைப் பிடிக்கத் தலையில் ஒட்டும் சிறு உலோகக் கிண்ணமான மின்வாய் எங்கே இருக்கிறது, தோலோடு எவ்வளவு நன்றாகத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்ற இரண்டிலும் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. மகளுக்கு அந்த நிலை மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு வரக்கூடும். ஐந்து நாள் தங்கலும் அந்த ஒன்றிரண்டு நிமிடங்களுக்காகத்தான். அந்த வேளையில் 25 மின்வாய்களும் முதல் நாள் ஒட்டிய அதே இடத்தில், அதே தரத்தில் இருக்க வேண்டும்.

மின்வாய்களை வைக்கும் இடங்கள் பதிவாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டவை அல்ல. கனடாவின் மொன்றியலில் பணியாற்றிய ஹேர்பேட் ஜாஸ்பர் 1958 இல் வெளியிட்ட பத்து-இருபது முறைதான் இன்றைக்கும் உலகெங்கும் அடிப்படையாக இருக்கிறது. மூக்குத் தண்டு நெற்றியோடு சேரும் பள்ளம், பிடரியில் விரலுக்குத் தட்டுப்படும் எலும்பு மேடு, இரண்டு காதுகளுக்கும் சற்று முன்னாலுள்ள பள்ளங்கள் ஆகிய நான்கையும் நிலையான புள்ளிகளாகக் கொண்டு, இடைப்பட்ட தூரத்தை 10 விழுக்காடு, 20 விழுக்காடு எனப் பிரித்துக்கொண்டு போவதே அந்த முறை. மகளின் மூக்குப் பள்ளத்திலிருந்து பிடரி மேடுவரை 35 சென்டிமீட்டர் இருந்தால், முதற் குறி 3.5 சென்டிமீட்டரிலும், அடுத்தது 10.5 இலும், உச்சந்தலைக் குறி 17.5 இலும் விழும். தலையின் சுற்றளவு 54 சென்டிமீட்டர் என்றால், நெற்றியின் நடுக்குறியிலிருந்து 2.7 சென்டிமீட்டர் விலகி முதல் மின்வாயும், பிறகு 5.4 சென்டிமீட்டருக்கு ஒன்றாக அடுத்தடுத்தவையும் வரும். இடப்பக்கத்துக்கு ஒற்றை எண்கள், வலப்பக்கத்துக்கு இரட்டை எண்கள், நடுக்கோட்டுக்கு இசட் என்ற எழுத்து. சென்டிமீட்டரில் அல்லாமல் விழுக்காட்டில் அளப்பதால், கைக்குழந்தையின் தலையிலும் வளர்ந்த ஆணின் தலையிலும் சி3 என்று குறிக்கப்படும் இடத்துக்குக் கீழே ஏறத்தாழ மூளையின் அதே பகுதி அமைந்திருக்கும்.

அளவு நாடாவையும் சிவப்பு மெழுகுப் பென்சிலையும் வைத்துக்கொண்டு நாங்கள் மெனக்கெடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஈ.ஈ.ஜி. என்பது இரண்டு இடங்களுக்கு இடையிலான மின் வேறுபாட்டைக் காட்டுவது. இரண்டு மின்வாய்கள் நெருங்கினால் அலை சிறுக்கும், விலகினால் பெருக்கும். இடப்பக்கத்தில் ஒரு மின்வாய் அடுத்ததை நோக்கி ஒரு சென்டிமீட்டர் நெருங்கி ஒட்டப்பட்டுவிட்டால், அந்த இரண்டுக்கும் இடையில் இடது மூளையின் அலைகள் வலதைவிடத் தாழ்ந்து தெரியும். வாசிக்கும் வைத்தியர் அதனை மூளையின் குறையாகக் கருத இடமுண்டு. மாத்திரைக்குக் கட்டுப்படாத வலிப்புக்குச் சத்திரசிகிச்சை செய்யலாமா, எந்தப் பக்கத்தில் செய்யலாம் என்பதைத் தீர்மானிக்க எடுக்கப்படும் பதிவில் இத்தகைய பிழைக்கு இடமே கொடுக்கக் கூடாது. தொப்பியை இதற்காகவே நான் பரிந்துரைப்பதில்லை. அவசரத்துக்கு எடுக்கும் அரைமணி நேரப் பதிவுக்கு அது போதும். ஆனால் தூங்கிப் புரண்டு எழும் ஐந்து நாட்களில் அது நிச்சயமாக நகரும், நாடிப் பட்டி அழுத்தும், ஒரு மின்வாய் கெட்டால் அதனை மட்டும் தனியாகச் சரிசெய்வதும் கடினம்.

மகளின் நிலையைக் கேட்டவுடன் எனக்கு முதலில் தோன்றியது காதுக்கு அருகே கீழ்மட்டத்தில் வைக்கும் மின்வாய்களைப் பற்றித்தான். வெறித்துப் பார்த்தல், வாய் மெல்லுதல், கையால் பிசைதல், பிறகு நினைவின்மை என்ற வரிசை, காதுக்கு மேலே உள்ள டெம்போரல் லோப் பகுதியில் தொடங்கும் வலிப்புகளில் அடிக்கடி காணப்படுவது. அது எங்கே தொடங்குகிறது என்பதை வைத்தியரே தீர்மானிப்பார், நான் தீர்மானிக்க முடியாது. ஆயினும் அந்த ஐயம் இருந்தால் பதிவாளர் செய்ய வேண்டியது தெளிவானது. அந்தப் பகுதியின் உட்பக்கமும் அடிப்பக்கமும் மண்டையோட்டின் தரைக்கு அருகில் இருப்பதால், அங்கிருந்து எழும் மின்னூட்டம் மேல்நோக்கி வருவதைவிடக் கன்னத்தையும் காதின் அடியையும் நோக்கியே பரவுகிறது. ஜாஸ்பரின் பழைய வரிசை காதுக்கு மேலேயே நின்றுவிடுவதால், அந்த அலையின் உச்சம் வரிசைக்கு வெளியே விழுந்துவிடலாம். ஆகவேதான் மருத்துவ நரம்புடலியங்கியல் சர்வதேசக் கூட்டமைப்பு 2017 இல் வெளியிட்ட பரிந்துரையில், எஃப்9, டி9, பி9 என்ற மூன்றை இடப்பக்கத்திலும், எஃப்10, டி10, பி10 என்ற மூன்றை வலப்பக்கத்திலும் சேர்த்து, மொத்தம் 25 மின்வாய்களை அடிப்படை வரிசையாகக் கொள்ளும்படி கூறியது. டி9 என்பது, காதுக்கு மேலே வைக்கும் டி7 என்ற மின்வாயிலிருந்து மேலும் 10 விழுக்காடு கீழே, காதுக்கு முன்னாலுள்ள பள்ளத்தின் மட்டத்தில் அமைவது. கன்னத்தருகே வயர் தொங்குவதைப் பிள்ளைகள் விரும்புவதில்லை. நேரம் போதாதபோது இவற்றை விட்டுவிடும் எண்ணமும் வரும். இவை ஆறும் இல்லாமல் ஐந்து நாள் பதிவெடுப்பதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். ஒட்டி முடிந்ததும், காதருகே உள்ளவற்றையும் வைத்தீர்களா என்று மரியாதையாகக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

தலையில் உள்ளவற்றைத் தவிர, நெஞ்சில் இதயத் துடிப்புக்காக மின்வாய் வைக்கப்படும். அதை அவசியமற்றது என்று எண்ணிக் கழற்றிவிட வேண்டாம். சில மயக்கங்களில் இதயம் முதலில் தாமதித்த பின்னரே மூளை அலை மாறும்; வலிப்பிலோ மூளை அலை முதலில் மாறி, பெரும்பாலும் இதயம் வேகமெடுக்கும். இந்த முன்பின்னைப் பிரித்தறிய அந்த ஒரு கோடு போதும். கண்ணருகே ஒன்றிரண்டு வைப்பது, கண் அசைவை மூளையின் முன்பகுதி அலை என்று மயங்காதிருப்பதற்காக.

இனி ஒட்டும் முறைக்கு வருகிறேன். முடியை மழிப்பதில்லை, வெட்டுவதும் இல்லை. குறியிட்ட இடத்தில் முடியை வகிடு பிரித்து, தோல் தெரிந்ததும், மெல்லிய மணல் கலந்ததுபோன்ற ஒரு பசையைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு இலேசாகத் தேய்ப்போம். தோலின் மேலுள்ள இறந்த படையும் எண்ணெயும் அகன்றால்தான் மின்னோட்டத்துக்கான தடை குறையும். ஒட்டியவுடன் ஒவ்வொரு மின்வாயின் தடையும் 5 கிலோ ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதே எங்கள் இலக்கு. நாள் செல்லச் செல்ல 10 கிலோ ஓம் வரை பொறுத்துக்கொள்ளலாம். எண் சிறியதாக இருப்பது மட்டும் போதாது, எல்லா மின்வாய்களும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று 3 ஆகவும் பக்கத்திலுள்ளது 30 ஆகவும் இருந்தால், சுவரிலுள்ள மின்சாரக் கம்பியின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் அந்த வேறுபாட்டின் வழியே பதிவுக்குள் புகுந்துவிடும். எல்லா மின்வாய்களும் ஒரே உலோகத்தில் இருப்பதும் அவசியம். தங்க முலாமும் வெள்ளியும் கலந்தால் அவற்றுக்கிடையே தானாகவே ஒரு மின் வேறுபாடு உண்டாகி, கோடு அலைந்துகொண்டே இருக்கும்.

ஒரு நாளுக்கு மேற்பட்ட பதிவுக்குத் தலைமுடியுள்ள இடங்களில் கொலோடியன் என்ற திரவத்தையே பலரும் தெரிந்தெடுக்கிறார்கள், நானும் அதையே விரும்புகிறேன். நடுவில் துளையுள்ள சிறு கிண்ணம்போன்ற மின்வாயைத் தோலில் வைத்து, அதன்மேல் கொலோடியனில் நனைத்த மெல்லிய துணித்துண்டை மூடி, குழாய்க் காற்றால் உலர்த்தினால், அது படலமாக இறுகித் தோலோடு பிடித்துக்கொள்ளும். பிறகு துளை வழியே, முனை மழுங்கிய ஊசியால் மின்கடத்தும் ஜெல்லை உள்ளே செலுத்துவோம். அந்த ஊசி தோலைக் குத்துவதற்கானது அல்ல என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே காட்டிவிடுவது நல்லது. “கொஞ்சம் அசையாம இரிங்க மகள், காத்துத்தான் அடிக்குது, நோகாது” என்று சொல்லிக்கொண்டே செய்தால் பெரும்பாலானோர் பயமின்றி இருப்பார்கள். கொலோடியனில் ஈதர் இருப்பதால் கடுமையாக மணக்கும், எளிதில் தீப்பற்றும். காற்றோட்டமுள்ள அறையில்தான் பயன்படுத்த வேண்டும், ஒட்சிசன் கொடுக்கும் இடத்தில் பயன்படுத்தவே கூடாது. மகளுக்கு ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நெற்றி, கன்னம் போன்ற முடியில்லாத இடங்களில் தடித்த பசையும் ஒட்டுநாடாவும் போதும்.

எல்லாம் ஒட்டிய பின் வயர்களை ஒன்றுசேர்த்துப் பின்னலைப் போல முதுகுப்பக்கம் இறக்கி, கழுத்தருகே ஒரு சிறு தளர்வு வளையம் விட்டுக் கட்டுவோம். உடல் முழுவதும் வெட்டி இழுக்கும் வலிப்பு வந்தால், இழுவை அந்த வளையத்தில் முடிந்துவிடும், மின்வாய்வரை போகாது. வயர்கள் நெருங்கிச் செல்வதால் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலும் குறையும். கட்டுத்துணியை இறுக்கக் கூடாது. அதன் விளிம்புக்குள் ஒரு விரல் இலகுவாக நுழைய வேண்டும்.

புண்ணைப் பற்றிய கேள்விக்கு இங்கேதான் விடை இருக்கிறது. மின்சாரம் புண்ணை உண்டாக்குவதில்லை. இந்தக் கருவி தலைக்குள் மின்சாரம் எதையும் செலுத்துவதில்லை. தோலை அளவுக்கு மீறித் தேய்த்தல், தேய்த்த இடத்தில் கிண்ணத்தின் விளிம்பு நாட்கணக்கில் அழுத்துதல், அதன்மேல் இறுக்கமான கட்டு, உள்ளே தேங்கும் வியர்வை ஆகியவை ஒன்றுசேரும்போதுதான் தோல் சிதைகிறது. நெற்றியில் அடியிலேயே எலும்பு இருப்பதாலும் கட்டின் விளிம்பு அங்கே விழுவதாலும் அந்த இடம் முதலில் பாதிக்கப்படுகிறது. ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது கட்டை விலக்கி ஒவ்வொரு மின்வாயின் ஓரத்தையும் பார்க்க வேண்டும். சிவப்பு தெரிந்தால், அந்த மின்வாயைச் சற்று நகர்த்தி ஒட்டலாம். அப்படி நகர்த்தினால் மறுபக்கத்திலுள்ள அதன் இணையையும் அதே அளவு நகர்த்தி, நேரத்தோடு பதிவேட்டில் எழுத வேண்டும். ஒன்றை மட்டும் நகர்த்தினால் மேலே கூறிய பொய்யான ஏற்றத்தாழ்வு உண்டாகிவிடும். மகள் ஓரிடத்தில் எரிகிறது, குத்துகிறது என்று சொன்னால் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள், உடனே தாதியரிடம் தெரிவியுங்கள்.

நம் பகுதியின் வெப்பத்தில் வேலை செய்யும் எங்களுக்கு வியர்வைதான் பெருந்தொல்லை. வியர்த்தால் கோடுகள் இரண்டு விநாடிக்கு மேற்பட்ட நீளமான அலைகளாக மேலும் கீழுமாக மிதக்கும். வியர்வையோ வழிந்த ஜெல்லோ இரண்டு அடுத்தடுத்த மின்வாய்களை இணைத்துவிட்டால், அவற்றுக்கிடையிலான கோடு ஏறத்தாழத் தட்டையாகிவிடும். அதை மூளையின் அப்பகுதி செயலிழந்ததாக அனுபவமற்றவர் எண்ணக்கூடும். தடை அளவு 100 ஓமுக்கும் கீழே இறங்கியிருந்தால் இவ்விணைப்பையே முதலில் சந்தேகிக்க வேண்டும். மாறாக, கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜெல் விரைவில் உலர்ந்து தடை ஏறிவிடுகிறது. காலையில் சரியாக இருந்தது மாலையில் கெட்டிருக்கும். உலர்ந்து தளர்ந்த மின்வாய் திடீர் திடீரெனச் செங்குத்தாகக் குத்தும் கோட்டைத் தரும். உண்மையான வலிப்பலை பக்கத்து மின்வாய்களிலும் படிப்படியாகக் குறைந்து தெரியும், இது ஒன்றில் மட்டுமே தெரியும் என்பதால் பிரித்தறியலாம். எல்லாக் கோடுகளும் ஒரே நேரத்தில் குழம்பினால், ஒப்பீட்டுக்காக வைத்த பொது மின்வாய் கழன்றிருக்கக்கூடும். அந்த ஒன்று விழுந்தால் மற்றவை எல்லாம் நன்றாக இருந்தும் பயனில்லை. கெட்ட மின்வாய்களோடு இரவைக் கடத்துவதைவிட, மாலையில் ஒரு மணித்தியாலத்தை இழந்தாவது எல்லாவற்றையும் சரிபார்த்து ஜெல் நிரப்புவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

வீட்டிலிருந்து செய்ய வேண்டியவற்றில் முதன்மையானது எண்ணெய். பயணம் போகிறோமே என்று தலைக்குத் தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ வைத்துப் பின்னிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. எண்ணெய் மின்னைக் கடத்தாது, கொலோடியனையும் பிடிக்கவிடாது. புறப்படுவதற்கு முந்திய நாள் ஷாம்பு போட்டு இரண்டு முறை கழுவி, கண்டிஷனரும் போடாமல், நன்றாக உலரவிட்டுக் கூட்டிச் செல்லுங்கள். நெற்றியில் கிறீமோ பவுடரோ வேண்டாம். சைவப் பிள்ளைகளாயின் திருநீறும் சந்தனமும் ஒட்டுவதற்கு முன் துடைக்கப்பட வேண்டும். இரவு ரயிலில் போவதென்றால், தூக்கம் கெடுவதே சிலருக்கு வலிப்பைத் தூண்டும் என்பதால், பகற்பயணம் நல்லதா என்று வைத்தியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையைக் குறைப்பதானால் விடுதியில், கண்காணிப்பில் மட்டுமே குறைப்பார்கள். விரைவில் வலிப்பு வரட்டும் என்று வீட்டிலேயே நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

முக்காட்டைப் பொறுத்தவரை, கட்டுக்கு மேலே தளர்வான பருத்தித் துணியால் மூடிக்கொள்வதில் தடையில்லை. நைலோன் போன்ற செயற்கைத் துணி உரசும்போது நிலைமின் உண்டாகிப் பதிவைக் கெடுக்கும். ஊசி குத்துவதானால் வயர்களைத் தொடாத இடத்தில் குத்த வேண்டும். முகமும் இரண்டு கைகளும் கமராவுக்குத் தெரிய வேண்டும் என்பது மட்டும் தவிர்க்க முடியாதது, ஏனெனில் எந்தக் கை முதலில் விறைக்கிறது, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பவை மூளையின் எந்தப் பக்கம் என்பதைக் காட்டும் சாட்சிகள். ஒட்டுவதற்கும் சரிபார்ப்பதற்கும் பெண் பதிவாளரோ பெண் தாதியோ வேண்டும் என்று அனுமதிக்கப்படும் நாளிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குத் தனியாக விடாமல் நீங்களும் கூடச் செல்லுங்கள்.

பதிவு நடக்கும்போது தலையைச் சொறிவதும், பல் துலக்குவதும், சூயிங்கம் மெல்லுவதும் வலிப்பலையைப் போன்ற ஒழுங்கான அலைகளைத் தரக்கூடியவை. குறிப்பாக மெல்லும்போது பொட்டுத் தசைகள் டெம்போரல் பகுதியின் அலைகளை முற்றாக மறைத்துவிடும். சாப்பிடுவதைத் தவிர்க்க முடியாது, தேவையற்ற மெல்லுதலைத் தவிர்க்கலாம். மகளுக்கு அந்த நிலை வந்தால் உடனே பொத்தானை அழுத்தி, போர்வையை விலக்கி, கமராவுக்கும் அவருக்கும் இடையில் நிற்காமல், பெயரைக் கேளுங்கள். “மாம்பழம்” போல ஒரு சொல்லைச் சொல்லி, தெளிந்த பின் அது நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். தலையை இறுக்கிப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். கையில் திறப்பைக் கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை, அந்தக் கையின் அசைவுதான் மறைந்துபோகும்.

கழற்றும்போது கொலோடியனை அசற்றோனால் கரைப்பார்கள். கண்ணை ஈரத்துணியால் மூடிக்கொள்ள வேண்டும். வெறும் பசை வெந்நீரிலேயே போய்விடும். உச்சியில் மெழுகுபோல் ஒட்டியிருக்கும் மிச்சத்தைச் சீப்பால் இழுக்காமல், இரண்டு மூன்று முழுக்கில் போகவிடுங்கள். சிவந்த இடங்கள் ஆறும்வரை எண்ணெய் வேண்டாம்.

இன்னும் ஒன்று. அந்த நிலை வீட்டில் வந்தபோது யாரேனும் கைத்தொலைபேசியில் எடுத்த வீடியோ இருந்தால், மின்வாய் ஒட்டத் தொடங்குவதற்கு முன்பே அதை வைத்தியருக்கும் பதிவாளருக்கும் காட்டுங்கள். வாய் மெல்லுவதையும் கை பிசைவதையும் நேரில் கண்டால், எந்தப் பக்கத்தில் கூடுதல் மின்வாய் வைக்க வேண்டும், தோளில் தசையசைவுக்காக ஒன்று தேவையா என்பதை முதல் நாளே தீர்மானித்துவிடலாம். மூன்றாம் நாளில் சேர்த்தால் முதல் இரண்டு நாட்களின் பதிவு அந்த இடத்தில் வெறுமையாகவே இருக்கும்.